பாதம் எரிகிறதா? சர்க்கரையால் வரும் நரம்பு வலியும் அதற்கான நிவாரணமும்

சர்க்கரை உள்ளவர்கள் பலர் டாக்டரிடம் சொல்லாமலே விட்டுவிடும் தொந்தரவு ஒன்று உண்டு. அதுதான் பாத எரிச்சல். பகலில் வேலை ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது. இரவு படுத்ததும் ஆரம்பித்துவிடும். கட்டைவிரல் நுனியில் சுருக் சுருக்கென்று குத்தும், உள்ளங்கால் தீயாய் எரியும், போர்வை பட்டாலே கூசும். எழுந்து போய்க் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து படுப்பார்கள். காலையில் கேட்டால், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள்.

வயசு மட்டும் காரணமில்லை. இது நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு. இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது, வலியைத் தணிக்க மருந்து இருக்கிறது. சிங்கப்பூரில் நமக்கு இது அடுத்த வீட்டுச் சங்கதியும் அல்ல. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நீரிழிவைப் பற்றி விரிவாகவே பேசினார். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 10 பேருக்கு 6 பேர் நீரிழிவு உள்ளவர்கள் என்று அன்று அவர் சொன்னார். தீபாவளிக்கு உங்கள் வீட்டில் கூடும் பெரியவர்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள், அந்தக் கணக்கு புரியும்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வலி குறைவது வேறு, நரம்பு தேறுவது வேறு. இரண்டும் ஒன்றே என்று எண்ணிக்கொள்வதால்தான் பலர் காலில் புண் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். இனி வருவதையெல்லாம் இதை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

ஏன் முதலில் கால்விரல்?

நம் உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் நுனிவரை போகின்றன. பெரியவர்களுக்கு ஏறக்குறைய 1 மீட்டர் நீளம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய இழைகள் அவை. அவ்வளவு தூரத்துக்கும் சத்தும் ஆக்சிஜனும் போய்ச் சேர வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் இரண்டு கேடு நடக்கிறது. ஒன்று, நரம்பின் உள்ளே புகும் அதிகப்படிச் சர்க்கரை வேறு பொருள்களாக மாறித் தேங்கி, இழையை உள்ளிருந்தே கெடுக்கிறது. இன்னொன்று, நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் தடித்துப்போய் ஓட்டம் குறைகிறது. தண்ணீர் தட்டுப்பாட்டில் கடைமடை வயல்தானே முதலில் காயும்? நரம்புக்கும் அதே கதிதான். நுனி முதலில் வாடுகிறது.

அதனால்தான் இந்த வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, விரலில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று மெல்ல மேலே ஏறும். சாக்ஸ் மூடும் இடம் முழுக்கத் தொந்தரவு தரும். முழங்கால் பக்கம் எட்டும் சமயத்தில் கைவிரல்களிலும் மதமதப்பு தொடங்கலாம்.

இந்த அடையாளத்துக்குப் பொருந்தாத வலி என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். இடுப்பிலிருந்து ஒரு காலில் மட்டும் மின்னல் மாதிரி இறங்கினால் முதுகெலும்புப் பக்கம் பார்க்கச் சொல்வார்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை உள்ள ஒருவருக்கு இவை எல்லாமே சேர்ந்தும் வரலாம். ஆகவே "சர்க்கரைதானே" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது.

எரிகிற காலுக்கு முள் குத்தினால் தெரியாதா?

கேட்பவர்களுக்கு நம்பவே முடியாத விஷயம் இது. தூங்கவிடாமல் எரிகிற அதே பாதத்தில் ஆணி குத்தினால்கூடத் தெரியாமல் போகலாம்.

காரணம் இதுதான். வாடிக்கொண்டிருக்கும் நரம்பிழைகள் யாரும் தொடாமலே மூளைக்குத் தவறான தகவல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. எரிச்சலும் குத்தலும் அங்கிருந்து வருகின்றன. காலப்போக்கில் முதுகுத்தண்டும் மூளையும் அந்தச் சமிக்ஞையால் அளவுக்கு மீறிக் கூர்மையாகி, சின்னத் தொடுதலைக்கூட வலியாக எடுத்துக்கொள்கின்றன. போர்வை பட்டாலே கூசுவது அதனால்தான். செத்துப்போன இழைகளோ எந்தத் தகவலையும் அனுப்புவதில்லை. அந்த இடத்தில் சூடு, கீறல், அழுத்தம் எதுவும் தெரியாது. ஒரே பாதத்தில் இரண்டு வகை இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

ஆகவே மருந்து எதுவும் மாற்றாமல், சர்க்கரையும் இறங்காமல், வருஷக்கணக்காக இருந்த எரிச்சல் தானாக நின்றுவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் பாதத்தைப் பரிசோதியுங்கள். நரம்பு குணமாகியிருக்கலாம். முழுக்க மரத்தும் போயிருக்கலாம். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அதற்கப்புறம் கால் உங்களை எச்சரிக்கவே செய்யாது.

பரிசோதனை: ஒரு நைலான் இழையும் ஒரு விரல் நுனியும்

நீரிழிவுக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதப் பரிசோதனை செய்வார்கள். கண் பரிசோதனைக்குப் போகிற பலர் இதை மட்டும் தள்ளிப்போடுகிறார்கள். வலியே இல்லாத மிக எளிய பரிசோதனை இது. தாதி ஒரு சின்னப் பிடியில் பொருத்திய நைலான் இழையைக் கையில் எடுத்துக்கொள்வார். முதலில் கையில் தொட்டுக் காட்டுவார். "அங்கிள், இப்ப கண்ணை மூடிக்குங்க. காலில் தொடறது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க." இழை தோலில் பட்டு, வில்லாக வளையும் வரை அழுத்துவார். வளையும்போது அதன் அழுத்தம் சரியாக 10 கிராம். கட்டைவிரல், விரல்களின் அடிமேடு என்று இடம் மாற்றி மாற்றித் தொடுவார். அந்த 10 கிராம் தெரியவில்லை என்றால், புண் வராமல் காக்கும் உணர்வு அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள். சில இடங்களில் அதிர்வுக் கருவியை விரல் எலும்பில் வைத்துப் பார்ப்பார்கள். கூடவே பாதத்தில் நாடித்துடிப்பையும் தொட்டுப் பார்த்து இரத்த ஓட்டம் எப்படி என்று குறித்துக்கொள்வார்கள். ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் பாதச் சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள்.

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த முறை அது, கருவி எதுவும் வேண்டாம். அம்மாவையோ அப்பாவையோ படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவர்களுடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், ஒவ்வொன்றாக 1 அல்லது 2 நொடி மட்டும் மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. வரிசையாகத் தொடாமல் மாற்றி மாற்றித் தொடுங்கள், இல்லாவிட்டால் ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். மொத்தம் 6 இடம். 2 அல்லது அதற்கு மேற்பட்ட இடத்தில் தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது, மருந்தகத்தில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்போது 5 நிமிடத்தில் முடித்துவிடலாம். பெரியவர்களின் பாதத்தைத் தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பரிசோதனைக்குப் போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: வைட்டமின் பி12 இரத்தப் பரிசோதனை. நம்மவர்கள் பெரும்பாலோர் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை, பல ஆண்டு எடுக்கும்போது பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடும். சுத்த சைவமாக இருப்பவர்களுக்கு அந்தச் சத்து உணவிலிருந்து கிடைப்பதே குறைவு. பி12 குறைந்தாலும் இதே மதமதப்பு, இதே எரிச்சல். ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யக்கூடிய குறையை "சர்க்கரை வலி" என்று சுமந்துகொண்டு திரிவது வீண். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பரிசோதனையை மட்டும் கேளுங்கள். தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, மதுப்பழக்கம் இவற்றாலும் நரம்பு கெடும் என்பதால் டாக்டர் அவற்றையும் விசாரிப்பார்.

சர்க்கரையை இறக்குவது, ஆனால் அவசரப்படாமல்

நரம்பு மேலும் கெடாமல் தடுப்பது சர்க்கரைக் கட்டுப்பாடுதான். 1993-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்றில், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது நரம்புப் பாதிப்பு ஏறக்குறைய 60 சதவிகிதம் குறைந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு உள்ள இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு தூக்கலாகத் தெரிவதில்லை. அங்கே எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாமே சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் சர்க்கரையை மட்டும் பிடித்துக்கொண்டு சிகரெட்டை விடாமல் இருந்தால் கால் தப்பாது.

3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு பலருக்கு 7 சதவிகிதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கும் அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்களுக்கும் டாக்டர் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். உணவு பற்றி இங்கே நீட்டப் போவதில்லை. காப்பிக்கடையில் இனிப்பான பால் தேநீரான தே தாரிக்கை விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங்குக்கு மாறுவது, பரோட்டாவைக் குறைப்பது இதெல்லாம் எல்லாரும் அறிந்ததே.

அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரொம்ப நாள் 11, 12 என்று இருந்த எச்பிஏ1சியை 3 மாதத்துக்குள் தடாலடியாக இறக்கினால் சிலருக்கு அதுவரை இல்லாத கடுமையான நரம்பு வலி தொடங்கிவிடும். இன்சுலின் ஆரம்பித்த கையோடு வலி வந்ததால் "இன்சுலின்தான் காலைக் கெடுத்துவிட்டது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. அந்த வலி பெரும்பாலும் காலப்போக்கில் தணியும். டாக்டரிடம் சொன்னால் இறக்கும் வேகத்தைச் சரிசெய்து, வலிக்கும் மருந்து தருவார்.

நடைப்பயிற்சி நரம்புக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது. பாதத்தில் புண் இல்லை என்றால் சரியான ஷூ போட்டுக்கொண்டு நடக்கலாம். உணர்வு குறைந்தவர்களுக்கு நிலை தடுமாறும் என்பதால், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது மாதிரியான பயிற்சிகளும் தேவை.

வலி மாத்திரை: எது கேட்கும், எது கேட்காது

பனடோலும் சாதாரண வலி மாத்திரையும் இந்த வலிக்குப் பெரும்பாலும் கேட்காது. இபுப்ரோஃபன், டைக்லோஃபினாக் வகை மாத்திரைகள் வீக்கத்தால் வரும் வலிக்கானவை. நரம்பே தவறான தகவல் அனுப்பும்போது அவற்றுக்கு அங்கே வேலையில்லை. அதோடு, சர்க்கரையால் ஏற்கெனவே களைத்திருக்கும் சிறுநீரகத்துக்கு அவை கூடுதல் சுமை. மூட்டு வலிக்கு யாருக்கோ கொடுத்த மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் சர்வசாதாரணம். இந்த நோயாளிக்கு அது நிஜமாகவே கெடுதல்.

நரம்பு வலிக்குக் கேட்கும் மருந்துகள் இரண்டு குடும்பத்திலிருந்து வருகின்றன. அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டுலாக்செடின் ஆகியவை மனச்சோர்வுக்காக முதலில் வந்தவை. கபாபென்டின், பிரிகாபாலின் இரண்டும் வலிப்பு மருந்தாக வந்தவை. இங்கேதான் பெரிய குழப்பம். என் பெரியம்மா மாத்திரையோடு வந்த தாளைப் பேரனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "காலு எரியுதுன்னு போனா மனசுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. எனக்கென்ன புத்தியா பேதலிச்சுப்போச்சு?" என்று மாத்திரையை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கொடுத்தவர்கள் ஒரு வரி விளக்கியிருக்க வேண்டும். முதுகுத்தண்டு வழியாக ஏறும் வலிச் சமிக்ஞையைத் தணிக்க இந்த மருந்துகளுக்கு ஆற்றல் இருக்கிறது. மனச்சோர்வே இல்லாதவருக்கும் அது வேலை செய்யும். அதற்காகத்தான் கொடுக்கிறார்கள்.

எது சிறந்தது? 2022-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், பிரிகாபாலின் மூன்றையும் ஒப்பிட்டது. எதில் தொடங்கினாலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆகவே டாக்டர் தேர்ந்தெடுப்பது உங்கள் உடல்நிலையை வைத்து. அமிட்ரிப்டிலின் தூக்கம் தரும், விலையும் குறைவு. ஆனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், புராஸ்டேட் தொந்தரவு, சிலவகைக் கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு உகந்ததல்ல. டுலாக்செடின் முதல் சில நாள் குமட்டலாம், கல்லீரல் கெட்டவர்களுக்குத் தர மாட்டார்கள். கபாபென்டினும் பிரிகாபாலினும் தலைசுற்றலும் மயக்கமும் தரலாம், கால் வீங்கலாம், எடை கூடலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைத்தாக வேண்டும். அதனால் உங்கள் மற்ற மாத்திரைகள், மற்ற நோய்கள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்குப் போனபோது அங்கே வாங்கி வந்ததையும் சேர்த்து.

இந்த மருந்துகள் தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்பவை அல்ல. குறைந்த அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுவார்கள். 3 நாள் சாப்பிட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்துவதில் பயனில்லை. நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தினாலும் உடம்பு படுத்தும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 10-க்கு 8 என்றிருந்த வலி 4-க்கு வந்தால் அது நல்ல பலன். முழுக்க மறைய வேண்டும் என்று காத்திருந்தால் நல்ல மருந்தையும் கேட்காத மருந்து என்று ஒதுக்கிவிடுவோம். இரவில் தூங்க முடிகிறதா, கடைக்கு நடந்து போய்வர முடிகிறதா என்று பாருங்கள்.

மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்குத் தடவும் மருந்தும் உண்டு. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் சேர்த்த களிம்பு வலி இழைகளைத் தொடர்ந்து தூண்டித் தூண்டி அடங்கச் செய்யும். முதல் சில நாள் எரிச்சல் கூடத்தான் செய்யும், ஒரு நாளைக்குப் பலமுறை வாரக்கணக்கில் தடவ வேண்டும், பொறுமை வேண்டும். புண்ணில் படக்கூடாது, தடவிய கையால் கண்ணைத் தொடவே கூடாது. மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் மருந்துப் பட்டையைத் தோலில் ஒட்டிக்கொள்வதும் சிலருக்கு உதவுகிறது. எதற்கும் அடங்காத வலிக்கு முதுகுத்தண்டின் அருகே மின்தூண்டல் கருவி பொருத்தும் முறையும் வந்திருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில் இதற்கென்றே அங்கீகரித்தார்கள். அது வெகு சிலருக்கான கடைசிப் படி.

கோடாலித் தைலம், வெந்நீர், கூழாங்கல் பாதை

நம் வீடுகளில் முதலில் நடக்கும் வைத்தியம் இவைதாம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கோடாலித் தைலமும் மற்றத் தைலங்களும் தோலில் குளிர்ச்சி தருவதால் கொஞ்ச நேரம் வலியை மறக்கடிக்கும். புண், வெடிப்பு இல்லாத பாதத்தில் அளவாகத் தடவுவதில் தவறில்லை. ஆனால் அதன்மேல் வெந்நீர்ப் பை வைப்பதும், துணியால் இறுக்கிக் கட்டுவதும் தோலைப் புண்ணாக்கிவிடும்.

வெந்நீரில் கால் ஊறவைப்பதை நான் உறுதியாக வேண்டாம் என்பேன். உணர்வு குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் குடும்பத்தோடு போய்க் காலை நனைப்பது இன்பமான பொழுதுபோக்குத்தான், ஆனால் அங்கே ஊற்றிலிருந்து வரும் நீர் 70 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடானது. சர்க்கரையால் கால் மரத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருக்கலாம். நேர்மாறாக, எரிச்சலுக்காக ஐஸ் கட்டியில் காலை வைப்பதும் அதே அளவு ஆபத்து. சாதாரணக் குழாய்த் தண்ணீர், மின்விசிறிக் காற்று, மெல்லிய பருத்திச் சாக்ஸ் இவை போதும். போர்வை பட்டால் கூசுகிறது என்றால் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, அதன்மேல் போர்வையைப் போட்டு, காலை உள்ளே நீட்டிப் படுக்கலாம். செலவே இல்லாத நல்ல வழி.

புளோக்குகளுக்கு நடுவிலும் பூங்காக்களிலும் பாத அழுத்த நடைக்கென்று கூழாங்கல் பதித்த பாதைகள் இருக்கின்றன அல்லவா? கால் மரத்தவர்கள் அதில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். கல் அழுத்தி உள்ளே கன்றிப்போனாலும் தெரியாது. பாதத்தைப் பலமாக அழுத்தித் தேய்க்கும் மசாஜும் அப்படித்தான்.

பி1, பி6, பி12 சேர்ந்த "நரம்பு மாத்திரை"யை வருஷக்கணக்காக வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பி12 குறைந்தவர்களுக்கு அது பலன் தரும். குறையாதவர்களுக்கு அதிகம் எதிர்பார்க்க முடியாது. பி6 அதிக அளவில் நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்துக்கும் உறுதியான சான்று கிடையாது.

மிக முக்கியமான எச்சரிக்கை இது. "மூலிகை, 3 நாளில் வலி போகும்" என்று இணையத்தில் விற்கும், தெரிந்தவர் கொண்டுவந்து தரும் மாத்திரைகளைத் தொடாதீர்கள். இப்படிப்பட்ட வலி நிவாரணிகளில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று குறைக்கும், சர்க்கரையைக் கூரைக்கு ஏற்றும். "என்ன அற்புதமான மருந்து" என்று தோன்றினால் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

பாதத்தைக் காப்பது

வலி தணிந்த பிறகும் விடக்கூடாத வேலை இது. தினமும் ஒருமுறை, குளித்த பிறகு, இரண்டு பாதத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்து அடிப்பாகத்தைப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கேதான் சேற்றுப்புண் வரும். வறண்ட குதிகாலுக்குக் களிம்பு தடவுங்கள், இடுக்கில் மட்டும் வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரி ஒட்டுவதும் பெரிய புண்ணில் கொண்டுபோய் விடும். பிளாஸ்திரியில் உள்ள அமிலம் ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும்.

வீட்டுக்குள் வெறுங்காலுடன் இருப்பதுதான் நம் வழக்கம். உணர்வு குறைந்தவர்களுக்கு வீட்டுக்குள் போட ஒரு தனிச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். ஷூவைச் சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் லேசாக வீங்கி முழு அளவில் இருக்கும். ஒரு காகிதத்தின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி எடுத்து, வாங்கப்போகும் ஷூவுக்குள் வைத்துப் பாருங்கள். காகிதம் மடங்கினால் அந்த ஷூ உங்களுக்கு வேண்டாம். இறுக்கமாக இருப்பதே தெரியாத காலுக்கு இந்தச் சோதனை அவசியம். போடும் முன் ஒவ்வொரு தடவையும் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கட்டுமானத் தளத்தில் நாள் முழுக்கப் பாதுகாப்புக் காலணி போடும் சகோதரர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மதியத்தில் மாற்ற இன்னொரு ஜோடி சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், விடுதிக்குத் திரும்பியதும் முதல் வேலையாகக் காலைப் பாருங்கள்.

கோயில் விஷயத்தில் எனக்கு மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர், தார்ச்சாலையில் வெறுங்கால். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி. கால் மரத்தவர்கள் நேர்ந்துகொள்வதற்கு முன் டாக்டரிடமும் பாதச் சிகிச்சையாளரிடமும் பேசுங்கள். பால்குடம் எடுப்பவர் வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பலாம், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம், நேர்த்திக்கடனை மகனோ மகளோ நிறைவேற்றலாம். தீமிதிப்பது மட்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. முருகனும் அம்மனும் நம் காலைக் கேட்கவில்லை.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு: நீரிழிவு, நாட்பட்ட நோய்களுக்கான திட்டத்தில் இருப்பதால் சிகிச்சைக்கு உங்கள் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் சாஸ் அட்டை இருந்தால் பக்கத்துக் கிளினிக்கிலும் சலுகை உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரே குடும்ப டாக்டரிடம் பதிந்துகொண்டால் உங்கள் கால் கதையை ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. போவதற்கு முன் 1 வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எந்த நேரத்தில் வலி, 10-க்கு எத்தனை, எரிச்சலா குத்தலா மதமதப்பா, தூக்கம் எத்தனை மணி. அந்த ஒரு தாள் டாக்டருக்கு மிகவும் உதவும்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. பாதத்தில் புண்ணோ கொப்புளமோ, வலிக்காவிட்டாலும், அன்றோ மறுநாளோ மருந்தகத்தில் காட்டிவிடுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சீழ், துர்நாற்றம், விரல் கறுப்பது, காய்ச்சல், ஒரு கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டுப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, தொட்டால் மற்றக் காலைவிடச் சூடாக இருந்து, வலி மட்டும் அதிகம் இல்லை என்றால், அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். மரத்த பாதத்தின் எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நடந்தால் பாதத்தின் அமைப்பே குலைந்துவிடும்.